திரை சொல்வதும் தோழி சொல்வதும்

பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக உருகிப் பாடியதால் ஃபிஜித் தீவுகளின் பெயர் நமக்குப் பழக்கமானது. அத்தீவுகளில் பெரியதான விட்டி லெவுவின் தென்மேற்கில் நண்ட்ரோங்கா என்றொரு மாகாணம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு அங்கே தொலைக்காட்சி வந்தது. ஒரே ஓர் அலைவரிசை. அதில் பெரும்பாலும் மேலை நாடுகளின் நிகழ்ச்சிகள். வாளேந்திப் பகைவரை வீழ்த்தும் ஸீனா என்ற வீராங்கனையும், பெவர்லி ஹில்ஸ் பகுதியின் வசதி படைத்த மாணவ மாணவிகளும் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளின் வீட்டுக் கூடத்துக்குள் முதன்முறையாக நுழைந்தார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆன் பெக்கர் மனநல மருத்துவர்; மானுடவியலாளரும்கூட. ஃபிஜியின் பூர்வகுடி மக்களோடு பழகி, உடலைப் பற்றிய அவர்களுடைய எண்ணங்களை ஒரு நூலாகவே எழுதியவர். அங்கே நல்ல உடல் என்றால் சதைப்பிடிப்பான, வலுவான உடல். விருந்தாளியை வற்புறுத்திச் சாப்பிட வைப்பது மரியாதை. ஒருத்தி மெலிந்துபோனால், உறவினரும் ஊராரும் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள். பசி குறைந்தால் அதை ஒரு நோயாகக் கருதி மருந்து கொடுப்பார்கள். ஒருவருடைய உடல் நலத்துக்கு ஊரே பொறுப்பு. தன் உடலைத் தானே குறைத்துச் செதுக்க வேண்டும் என்ற ஆசைக்கு அந்தப் பண்பாட்டில் இடமே இருக்கவில்லை.

தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் பெக்கரும் சக ஆய்வாளர்களும் 63 பள்ளி மாணவிகளிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். உணவைப் பற்றிய மனப்போக்கை அளக்கும் 26 கேள்விகள் கொண்ட வினாத்தாள் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே வயதில் இருந்த 65 மாணவிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கவலைக்குரிய அளவு மதிப்பெண் பெற்றவர்கள் 1995-இல் 12.7 சதவீதம், 1998-இல் 29.2 சதவீதம். எடையைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுத்தவர் முதல் முறை ஒருவர்கூட இல்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம். 1998-இல் நான்கில் மூன்று பெண்கள் தாம் பருமனாக இருப்பதாக எப்போதாவது நினைத்ததுண்டு என்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் புஷ்டியைப் போற்றிய ஒரு சமூகத்தில், மூன்றே ஆண்டுகளில் வந்த மாற்றம் இது.

இந்த எண்களைவிட ஆழமான செய்தி, மாணவிகளுடன் நடத்திய நேர்காணல்களில் இருந்தது. அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவர்களைப் பிடித்து ஆட்டவில்லை. திரையில் வரும் மெலிந்த பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், தம் முடிவுகளைத் தாமே எடுக்கிறார்கள். அதே நேரத்தில் ஃபிஜியிலும் காசுப் பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்தது. படித்த பெண்களுக்கு வேலை என்ற கனவு முளைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கனவுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்று சொல்லித்தர ஊரில் யாரும் இல்லை. திரை ஒரு வழியைக் காட்டியது: இப்படி இரு, இந்த உலகத்துக்குள் வரலாம். மாணவிகள் எடையை மட்டும் குறைக்கவில்லை. உடல் ஊராரின் பொறுப்பு என்ற பழைய மதிப்பை விட்டு, உடல் என் முன்னேற்றத்துக்கான கருவி என்ற புதிய மதிப்புக்கு இடம் பெயர்ந்தார்கள்.

இந்த ஆய்வின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு முறையும் கேட்கப்பட்டவர்கள் வெவ்வேறு மாணவிகள், எண்ணிக்கையும் குறைவு. அந்த மூன்று ஆண்டுகளில் தொலைக்காட்சி மட்டும் வரவில்லை. வேறு பல மாற்றங்களும் வந்தன. ஆகவே முழுப் பழியையும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் போட முடியாது. பெக்கரும் அதோடு நின்றுவிடவில்லை. 2011-இல் அவருடைய குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 523 மாணவிகள் இடம்பெற்றார்கள். இந்த முறை புதிதாக ஒன்றைக் கேட்டார்கள்: உன் தோழிகள் எவ்வளவு ஊடகங்களைப் பார்க்கிறார்கள்?

விடை வியப்பூட்டியது. ஒரு மாணவி தானே எவ்வளவு பார்க்கிறாள் என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும், அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதற்கும் அவளுடைய உணவுச் சிக்கல்களுக்கும் தனியாக ஒரு தொடர்பு இருந்தது. அவள் வீட்டுப் பெட்டியை அணைத்து வைத்தாலும், பக்கத்து வீட்டில் ஓடுகிற பெட்டி தோழியின் பேச்சு வழியாக அவளை வந்து சேர்கிறது. ஊடகங்கள் இளம்வயதினரின் மனத்தை எப்படித் தொடுகின்றன என்ற கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த திறவுகோல் இதுதான். திரை ஒன்றைக் காட்டுகிறது. அது மதிக்கத்தக்கதா என்பதை நண்பர்கள் கூட்டம் தீர்மானிக்கிறது.

பிறர் விருப்பம் மூளைக்குள் எப்படி நுழைகிறது?

பன்னிரண்டு வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை மனித மூளை பெரும் மாற்றத்தில் இருக்கிறது. வெகுமதியை உணரும் ஆழப்பகுதிகள் பருவமடையும் காலத்தில் கூர்மையாகின்றன. முன்யோசனைக்கும் அடக்கத்துக்கும் துணைநிற்கும் முன்மூளைப் புறணி நிதானமாக, கடைசியில்தான் முதிர்கிறது. இந்த இடைவெளியில் எல்லா வெகுமதிகளையும்விடத் தித்திப்பது ஒன்று உண்டு. அது சம வயதினரின் அங்கீகாரம்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகரி பெர்ன்ஸ் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 17 வயதுள்ளவர்களை மூளை வருடிக் கருவிக்குள் படுக்கவைத்து, அவ்வளவாக அறியப்படாத இசைக்குழுக்களின் பாடல் துணுக்குகளைக் கேட்க வைத்தார். ஒவ்வொரு பாடலுக்கும் அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். பிறகு அதே பாடல் மீண்டும் ஒலித்தது. இந்த முறை பெரும்பாலான பாடல்களுக்கு, அது மற்றவர்களிடையே எவ்வளவு புகழ் பெற்றது என்பதும் திரையில் தெரிந்தது. புகழைக் காட்டாதபோது எத்தனை முறை மனம் மாறினார்களோ, காட்டியபோது அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மாறினார்கள். தன் விருப்பமும் கூட்டத்தின் விருப்பமும் வேறுபட்ட தருணங்களில், பதற்றத்தோடும் உறுத்தலோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் செயல்பட்டன. பாடலின் இனிமை மாறவில்லை. தனியாக நிற்கும் சங்கடமே மதிப்பெண்ணை மாற்றியது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

2016-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லாரன் ஷெர்மன் குழு இதைச் சமூக ஊடகத்துக்கு நீட்டித்தது. 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராம் வடிவத்தில் படங்களைக் காட்டினார்கள். ஒரே படம் பாதிப் பேருக்கு நிறைய ‘லைக்’குகளோடும் மீதிப் பேருக்குச் சொற்ப ‘லைக்’குகளோடும் தெரிந்தது. நிறைய ‘லைக்’ பெற்றதாகக் காட்டப்பட்ட படத்தைத்தான் அவர்களும் விரும்பினார்கள். தம் சொந்தப் படத்துக்கு ‘லைக்’ குவிந்ததைப் பார்த்தபோது மூளையின் வெகுமதி மையம் துலக்கமாகச் செயல்பட்டது. குடி, புகை போன்ற ஆபத்தான பழக்கங்களைக் காட்டும் படங்களைப் பார்த்த நேரத்திலோ, கட்டுப்பாட்டோடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு குறைந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 2006-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஓர் அழகான சோதனையை நடத்தியிருந்தார்கள். இளைஞர்கள் கூடும் ஓர் இணையதளத்திலிருந்து பெரும்பாலும் வந்த 14,341 பேர் அதில் பங்கேற்றார்கள். 48 பாடல்கள், எல்லாம் அறியப்படாத குழுக்களுடையவை. ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் கிடைத்தன. மற்றவர் தேர்வு தெரியாது. மீதிப் பேரை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். எட்டு உலகங்களும் எட்டு விதமான வெற்றிப் பட்டியல்களை உருவாக்கின. தனித்துத் தேர்ந்தவர்கள் 26-ஆம் இடத்தில் வைத்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடத்துக்குப் போனது. முதலில் வந்த சிலரின் தற்செயலான தேர்வு, பின்னால் வந்த பலரின் ரசனையாக வடிவெடுத்தது.

இளைஞர்களின் ரசனை போலியானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தன் கூட்டத்தில் எது மதிக்கப்படுகிறது என்பதை விரைந்து கற்றுக்கொள்வது ஒரு திறமை. பெற்றோரின் நிழலை விட்டு வெளியே வந்து, தன் தலைமுறையோடு சேர்ந்து வாழப் பழக வேண்டிய வயதில் அத்தியாவசியமான திறமை. உலகின் எல்லாப் பண்பாடுகளிலும் இளம்வயதினர் இதைச் செய்துதான் பெரியவர்களானார்கள். முன்பு அந்தக் கூட்டம் ஒரு தெருவாகவோ ஒரு கிராமமாகவோ இருந்தது. இன்று அந்தக் கூட்டத்தின் எல்லையைத் திரை வரைகிறது.

எதை மதிக்கச் சொல்கின்றன கதைகள்?

அப்படியானால் திரை காட்டும் கூட்டம் எதைப் போற்றுகிறது? யால்டா உல்ஸ், பாட்ரிசியா கிரீன்ஃபீல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் இதை அளந்தார்கள். 1967 முதல் 2007 வரை பத்தாண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடையே அந்தந்தக் காலத்தில் புகழ் பெற்ற தொலைக்காட்சித் தொடர்கள் எந்த மதிப்புகளை உயர்த்திக் காட்டின என்று வரிசைப்படுத்தினார்கள். மொத்தம் 16 மதிப்புகள். 1967-இல் முதலிடத்தில் இருந்தது சமூகத்தோடு ஒட்டி வாழும் உணர்வு. புகழ் 15-ஆம் இடத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, பாட்டுப் போட்டி நிகழ்ச்சியான ‘அமெரிக்கன் ஐடல்’, பள்ளி மாணவி ரகசியமாகப் பாப் பாடகியாக வாழும் ‘ஹன்னா மொன்டானா’ ஆகியவற்றின் காலத்தில் புகழ் முதலிடத்துக்கு வந்தது; சமூக உணர்வு 11-ஆம் இடத்துக்கு இறங்கியது. பிறகு 2017-ஐயும் சேர்த்துப் பார்த்தபோது புகழ் ஆறாம் இடத்துக்குத் தாழ்ந்திருந்தது. கதைகள் போற்றும் மதிப்புகள் கல்லில் செதுக்கியவை அல்ல. யாரோ எழுதுகிறார்கள், யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள், அவை மாறவும் செய்கின்றன.

கதைகள் எந்த வழியாக மதிப்புகளை மாற்றுகின்றன என்பதற்கு ருவாண்டாவிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது. 1994-இன் இனப்படுகொலையில் வானொலி வெறுப்பைப் பரப்பிய நாடு அது. பத்தாண்டு கழித்து, 2004-இல், அதே நாட்டின் வானொலியில் ‘முசெகெவேயா’ என்ற தொடர் நாடகம் தொடங்கியது. பகைத்துக்கொள்ளும் இரண்டு ஊர்களின் கதை. ஊர் எதிர்ப்பை மீறிக் காதலிக்கும் இளம் ஜோடியும் அதில் உண்டு. எலிசபெத் பாலக் என்ற உளவியலாளர் சில சமூகங்களுக்கு இந்த நாடகத்தையும், வேறு சில சமூகங்களுக்கு உடல்நலம் பற்றிய இன்னொரு நாடகத்தையும் ஓராண்டு கேட்கச் செய்து ஒப்பிட்டார். நாடகத்தின் கருத்துகளை நம்புகிறீர்களா என்று கேட்டால், இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எது ஏற்கத்தக்கது என்ற எண்ணம் மாறியிருந்தது. கலப்பு மணத்தைப் பற்றியும், மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்வதைப் பற்றியும் அவர்களுடைய நிலை மாறியிருந்தது. நடத்தையிலும் அது தெரிந்தது.

அந்த ஆய்வு வளரிளம் பருவத்தினரை மட்டும் பற்றியதல்ல. ஆனாலும் அது காட்டும் வழி ஃபிஜி மாணவிகளின் வழியேதான். கதை நம் உள்நம்பிக்கையை நேரடியாகத் திருத்துவதைவிட எளிதாக, பிறர் எதை மதிக்கிறார்கள் என்ற நம் கணிப்பைத் திருத்திவிடுகிறது. அந்தக் கணிப்பை வைத்தே வாழ்கிற வயது விடலைப் பருவம். அதனால்தான் ஒரே நிகழ்ச்சி ஐம்பது வயதுக்காரரைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையை உலுக்கிவிடுகிறது.

திரைப்படங்களில் வரும் புகைப்பழக்கம் பற்றிய ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களில் அதுவரை புகைத்தறியாத, 10 முதல் 14 வயதுள்ள 2,603 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படங்களில் புகைக்கும் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்தவர்கள், மிகக் குறைவாகப் பார்த்தவர்களைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு கூடுதலாக அந்தப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம்தான் இந்தத் தாக்கம் வலுவாக இருந்தது. முதலில் இது முரணாகத் தோன்றும். அப்பா இருமுவதையும், அவர் சட்டையில் வீசும் நாற்றத்தையும் அன்றாடம் அறிந்த பிள்ளைக்குச் சிகரெட் என்றால் என்னவென்று தெரியும். அறியாத பிள்ளைக்கோ, நாயகன் ஊதும் புகை மட்டுமே அறிமுகம். வாழ்க்கை வெற்றிடம் விட்ட இடத்தைத் திரை நிரப்பிவிடுகிறது. பிறகு ஜெர்மனியிலும் மெக்சிகோவிலும் இதே போக்கைக் கண்டார்கள். டெல்லியின் பன்னிரண்டு பள்ளிகளில் நடந்த ஆய்வும், இந்திப் படங்களில் புகையிலைக் காட்சிகளை அதிகம் பார்த்த மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது. நம் திரையரங்குகளில் படத்துக்கு முன்னும் இடைவேளைக்குப் பின்னும் வரும் புகையிலை எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட அறிவியல் இருக்கிறது.

ஒரே கதை, வேறு வேறு வீடுகள்

இவ்வளவையும் கேட்டால், திரை நினைத்ததை எல்லாம் சாதித்துவிடும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. 1980-களில் ‘டல்லஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் பல நாடுகளைக் கவர்ந்திருந்தது. டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் சூழ்ச்சிகளும் சண்டைகளும் கதை. தாமர் லீப்ஸ், எலிஹு கட்ஸ் என்ற இரு அறிஞர்கள் இஸ்ரேலில் வெவ்வேறு சமூகத்தினரையும், அமெரிக்காவில் அந்நாட்டவரையும் வீடுகளில் கூட்டி, இந்தத் தொடரைப் பார்க்கச் செய்து, பார்த்ததைத் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். மொராக்கோவிலிருந்து வந்த யூதர்களும் அரபு மக்களும் அதைக் குடும்ப உறவுகளின் கதையாக, நிகழ்ச்சி வரிசை மாறாமல் சொன்னார்கள். சோவியத் நாட்டிலிருந்து குடியேறியவர்கள், இதை எடுத்தவர்கள் நமக்கு என்ன புகட்டப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அமெரிக்கப் பார்வையாளர்கள் கதாபாத்திரங்களின் மன ஓட்டத்தைப் பேசினார்கள்.

அதில் ஒரு காட்சி. கணவனிடம் கோபித்துக்கொண்டு சூ எலன் என்ற பெண் குழந்தையோடு வீட்டை விட்டுப் போகிறாள். திரைக்கதைப்படி அவள் போய்ச் சேர்ந்தது முன்னாள் காதலனும் அவனுடைய தந்தையும் இருக்கும் வீட்டுக்கு. ஆனால் ஓர் அரபுக் குழுவினர், அவள் தன் அப்பா வீட்டுக்குப் போனாள் என்று ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். கோபித்துக்கொண்ட மனைவி பிறந்த வீட்டுக்குத்தானே போவாள்! கண்ணால் பார்த்ததையே அவர்களுடைய பண்பாடு மாற்றி எழுதிவிட்டது. அதே ‘டல்லஸ்’ ஜப்பானில் எடுபடவே இல்லை. ஒரே மாவுதான், தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை.

அமெரிக்காவிலேயே இப்படி ஒன்று நடந்தது. 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறி பிடித்த மனிதர் ஒருவர் வருவார். அவருடைய அறியாமையைக் கேலி செய்து வெறுப்பைக் குறைப்பது படைப்பாளிகளின் நோக்கம். நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடமும் கனடாவின் பெரியவர்களிடமும் கேட்டுப் பார்த்தபோது, ஏற்கெனவே இனவெறுப்பு கொண்டவர்கள் ஆர்ச்சி சொல்வதுதான் சரி என்று ரசித்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. தூர்தர்ஷனில் 1984-இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடரிலும் இதே கதி. எல்லாவற்றுக்கும் தலைகுனியும் தாய் பாக்வந்தியைப் பார்த்து, பெண்கள் இப்படி இருக்கக் கூடாது என்று பார்வையாளர்கள் பாடம் கற்க வேண்டும் என்பது திட்டம். பார்த்தவர்களில் கணிசமானோர் அவளையே உத்தமத் தாயாகப் போற்றினார்கள். திரை அனுப்பும் செய்தி வேறு. வீட்டில் நடக்கும் பேச்சு அதை எப்படிப் பெற்றுக்கொள்கிறது என்பது வேறு.

திரை திறந்துவிட்ட கதவுகள்

தீங்குகளை மட்டும் பட்டியலிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், சேரிப் பகுதியில் பிறந்து சதுரங்கத்தில் சாதித்த ஃபியோனா முடேசியின் வாழ்க்கையை மீரா நாயர் 2016-இல் ‘குயின் ஆஃப் காட்வே’ என்ற படமாக எடுத்தார். எமா ரைலி என்ற பொருளியலாளர், பொதுத் தேர்வு எழுதவிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தப் படத்தையும், மீதிப் பேருக்கு வேறொரு மாயாஜாலப் படத்தையும் தேர்வுக்குச் சற்று முன்பாகத் திரையிட்டார். எந்தப் படம் யாருக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. முடேசியின் கதையைப் பார்த்தவர்களில், கீழ் வகுப்பு மாணவர்களிடையே கணிதத்தில் தோற்றவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். மாணவிகளுக்கும், படிப்பில் பின்தங்கியவர்களுக்கும் பயன் கூடுதலாக இருந்தது. ஒரே ஒரு படம். தன் ஊரில், தன் நிறத்தில், தன் வறுமையில் பிறந்த ஒருத்தியை உலகம் மதிக்கிறது என்ற செய்தி, ஒரு பெண்பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தை மறுபடி திறக்கவைத்தது.

நைஜீரியாவின் தென்மேற்கு நகரங்களில் 18 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு, எய்ட்ஸ் பற்றிய செய்திகளைக் காதலும் நட்பும் கலந்த கதையாகச் சொல்லும் ‘எம்டிவி ஷூகா’ தொடரைத் திரையிட்டு அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட மூவர் ஆராய்ந்தார்கள். எட்டு மாதங்களுக்குப் பிறகு, தொடரைப் பார்த்தவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது இரு மடங்காகியிருந்தது. கதையில் அதிகம் ஒன்றிப் பார்த்தவர்களிடம் மாற்றமும் வலுவாக இருந்தது.

பிரேசிலில் ரெடே குளோபோ நிறுவனத்தின் மாலைத் தொடர்கள் நாட்டையே கட்டிப்போட்டவை. 1965 முதல் 1999 வரை வந்த 115 தொடர்களை எலியானா லா ஃபெராராவும் இணை ஆய்வாளர்களும் எடுத்துப் பார்த்தபோது, ஐம்பது வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் கதாபாத்திரங்களில் 72 சதவீதத்தினருக்குக் குழந்தையே இல்லை. 21 சதவீதத்தினருக்கு ஒரே குழந்தை. குடும்பக் கட்டுப்பாடு என்று எந்தக் கதாபாத்திரமும் பிரசங்கம் செய்யவில்லை. ஆயினும் அந்த அலைவரிசை எட்டிய ஊர்களில் பெண்களின் பிள்ளைப்பேறு குறைந்தது. தொடரில் வரும் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவதும் கூடியது.

நமக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது. 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், கோவா, ஹரியாணா, டெல்லி ஆகிய இடங்களின் கிராமக் குடும்பங்களை ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த இடைவெளியில் சில கிராமங்களுக்குக் கேபிள் டிவி வந்தது. அங்கே, கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தது. சிறு வயதுப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வது உயர்ந்தது. நாம் அழுகைத் தொடர்கள் என்று ஒதுக்கும் கதைகளில்கூட, வேலைக்குப் போகிற, வெளியே போய் வருகிற நகரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பார்த்த கிராமத்துப் பெண்ணுக்கு, இப்படியும் வாழலாம் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

நம் கையில் இருப்பது

இன்றைய பிள்ளையின் கையில் இருப்பது ஃபிஜியின் ஒற்றை அலைவரிசை அல்ல. கைப்பேசியில் திரையும் தோழியும் ஒன்றாகிவிட்டார்கள். எது மதிக்கப்படுகிறது என்பதைத் தோழியின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. படத்தின் கீழேயே எண்ணாகத் தெரிகிறது. அடுத்து எதைக் காட்டுவது என்பதை, கண்ணை எது பிடித்து நிறுத்துகிறது என்று கணக்குப் போடும் நிரல் முடிவு செய்கிறது. கூட்டமாக உட்கார்ந்து பார்த்தபோது ஒரு பாட்டியோ அக்காவோ இடையில் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. தனியாகப் பார்க்கும்போது அந்த வார்த்தைக்கு இடமில்லை.

இதற்கு நாம் உடனே எடுக்கும் ஆயுதம் மணிக்கணக்கு: இவ்வளவு நேரத்துக்கு மேல் பார்க்காதே. உறக்கத்தையும் படிப்பையும் காக்க அது தேவைதான். ஆனால் மதிப்புகளைக் காக்க அது போதாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளம்வயதினரின் தரவுகளை 2019-இல் ஆராய்ந்த ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும், அவர்களுடைய மனநலத்தில் காணும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் மின்னணுக் கருவிகளின் பயன்பாடு விளக்குகிறது என்றார்கள். எவ்வளவு நேரம் என்ற எண் நமக்குச் சொல்வது கொஞ்சமே. எதைப் பார்க்கிறான், யாரோடு சேர்ந்து அதைப் பேசுகிறான், அந்தப் பேச்சில் நமக்கு இடமிருக்கிறதா என்பவைதாம் கேட்க வேண்டியவை.

ஆகவே பிள்ளைகளின் திரைக்குள் நாமும் நுழைய வேண்டும். காவலாளியாக அல்ல, உடன் பார்ப்பவராக. அவர்கள் கொண்டாடும் கொரியப் பாடகர் யார், ஏன் பிடிக்கிறது, அவரைப் பற்றி நண்பர்கள் என்ன பேசுகிறார்கள் என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்க வேண்டும். அந்த முகம் எத்தனை மணி நேர ஒப்பனை, எத்தனை திருத்தம், யாருக்கு லாபம் என்பதையும் சேர்ந்தே பேசலாம். திரை மட்டுமே அறிமுகம் செய்துவைத்த உலகங்களை நேரிலும் காட்ட வேண்டும். ஒரு செவிலியரை, ஒரு பொறியாளரை, ஒரு விவசாயியை, ஒரு நாடகக் கலைஞரைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்குத் திரை விற்கும் ஒற்றை வழி மட்டுமே வழியாகத் தோன்றாது. நம் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் தங்கள் கையில் இருக்கும் பலத்தை உணர வேண்டும். ஒரு முடேசியின் கதைக்காகத் தமிழிலும் ஆயிரம் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் கவனிக்கும் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். கல்யாண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் ‘என்ன, இப்படிக் குண்டாயிட்டே?’, ‘கறுத்துட்டியே’ என்று நாம் சொல்லும்போது, எது மதிக்கத்தக்கது என்ற பாடத்தை நாமே நடத்துகிறோம். மாமன் மகனின் சம்பளத்தை மட்டும் வாய் நிறையப் பேசிவிட்டு, நோயுற்ற பாட்டியை ஓராண்டு பார்த்துக்கொண்ட பேத்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டால், அதுவும் பாடம்தான். திரை பதினாறு மதிப்புகளில் எதை வேண்டுமானாலும் முதலிடத்தில் வைக்கட்டும். நம் வீட்டுப் பட்டியலை எழுதுவது நாம்தான். நேர்மையை, இரக்கத்தை, உழைப்பை, துணிவை நாம் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும். பிள்ளையின் காதில் விழும்படி, அவனுடைய நண்பர்கள் இருக்கும்போது, அடிக்கடி.